கனடா மாமாவின் ஆசீர்வாதம்

வெள்ளைக்காரன் பெட்டியை வெயிலில் காயப் போட்டால் கப்பலேறப் போகிறான் என்று அர்த்தம்; கப்பலேறினால் திரும்ப மாட்டான். இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாற்காலி போட்டு, முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசுகிற நம் கூட்டத்தில் யாராவது இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டிய பாடம் அது.

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உங்க வீட்டுலயும் ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை இருந்தாராமே, அவரும் கம்பி நீட்டிட்டாரா?" கேட்டது யார் என்று சொல்ல மாட்டேன். அவரே இப்போது நெளிகிறார், பாருங்கள். நெளிய வேண்டாம். ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலேயே எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அந்த ஒரு மழைக்காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தைலத்துக்குத் திரும்பலாம்.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அவரை இங்கிலீஷ்காரர் என்றால் மூக்கு சிவந்துவிடும். பிரெஞ்சுக்காரர் என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிரான்ஸை அவர் கண்ணால் கண்டதில்லை. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் பாய்மரக் கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போன குடும்பம். வீட்டில் பேசுவது பிரெஞ்சு, ஊரை ஆளுவது இங்கிலீஷ்காரன். "நாங்க கனடா ஆளு" என்பார், நெஞ்சைத் தட்டிக்கொண்டு. கியூபெக் பக்கம் ஏதோ ஆற்றங்கரைக் கிராமம். வீடு நிறையப் பிள்ளைகள், நிலமோ கையளவு. மாமா சின்னப் பையனாக இருந்தபோது பஞ்சாலை ஆள் ஒருவன் ஊருக்குள் வந்து, குடும்பம் குடும்பமாகப் பேசி, ரயிலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டு போய்விட்டான்.

"உங்க ஆளுங்களுக்குக் கங்காணி வந்தாங்கல்ல மச்சான்? எங்களுக்கும் வந்தாங்க. உங்களுக்குக் கப்பல், எங்களுக்கு ரயில், அவ்வளவுதான்லா" என்று அவர் சொன்னபோது அப்பா நம்பவேயில்லை. வெள்ளைக்காரனை ஆள்பிடித்துப் போக ஏது கங்காணி? ஆனால் மாமாவின் அப்பா, அம்மா, அக்கா, தம்பி எல்லோரும் அந்த ஆலையில் நூல் பிடித்தவர்கள்தான். சொந்தப் பாஷையில் பேசினால் மேஸ்திரி அதட்டுவானாம். மாமாவுக்கு அது ஒத்துவரவில்லை. வடக்கே பனிக்காட்டில் தங்கம் தோண்டும் மிதவை இயந்திரத்தில் வேலைக்குப் போனார். அதே மாதிரி இயந்திரம் இங்கே ஈய லம்பத்துக்கு, அதாவது சுரங்கத்துக்கு, வந்தபோது, அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்று கம்பெனி அழைக்க, சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தார்.

தமிழை அவர் லம்பத்து ஆட்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் முதலில் எல்லோரையும் "வாடா, போடா"தான். அத்தை தலையில் குட்டாத குறையாகத் திருத்தி, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடப் பழக்கினார். அதற்கப்புறம் பூனைக்கும் மரியாதைதான். "பூனை வந்தாங்க, மீனைத் தின்னாங்க, போயிட்டாங்க" என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அத்தை கான்வென்டில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர். முப்பதைத் தொட்டும் வரன் அமையவில்லை. கோயிலில் அத்தையைப் பார்த்த மாமா நேரே எங்கள் பங்குச் சாமியாரிடம் போய்ப் பெண் கேட்டார். சாமியார் பிரான்ஸ்காரர், பாண்டிச்சேரியில் நெடுநாள் இருந்துவிட்டு வந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் வந்து பேசித்தான் அப்பா இறங்கி வந்தார். கல்யாணம் ஆனதும் கிளப்பில் இருந்த துரைகள் மாமாவைத் தெருவில் கண்டால் எதிர்ப் பக்கம் போனார்கள். நம் ஆட்கள் மட்டும் என்ன, கிட்ட வந்தார்களா? "எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்" என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

காத்திருந்ததற்குக் காரணமும் இருந்தது. எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்கு அடுத்த வரிசையில் துணி தைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். அவரோடு வாழ்ந்த தோட்டத்துத் துரை, பூனைக்கண்ணோடு ஒரு மகனையும் கொடுத்துவிட்டு, "ஆறு மாசத்துல வந்துடறேன்" என்று லீவில் போனவர். மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. துரைக்கு இன்னும் ஆறு மாதம் முடியவில்லை. கான்வென்டில் அப்படிப் பிள்ளைகள் ஏராளம். எங்கள் வீட்டிலும் அத்தைக்கு மகள் ஒருத்தி இருந்தாள், செம்பட்டை முடி, என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் பார்வை அந்த அடுத்த வரிசைப் பக்கம் போகும்.

நான் சொல்லும் வருஷம் ஈயம், ரப்பர் இரண்டுக்கும் விலை விழுந்துவிட்டது. தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா கூட்ஸ் ரயிலில் கார்டு. போர்ட் சுவெட்டன்ஹம், அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான், அதுவரைக்கும் போய்வருவார். சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் மேடையில் உட்கார்ந்திருப்பதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். மாமாவின் மிதவை இயந்திரமும் நின்றது. அத்தைக்கு அப்போது இரண்டாவது பிள்ளை, நிறை வயிறு. பிரசவத்துக்கு அண்ணன் வீடு என்று எங்கள் குவாட்டர்ஸுக்கு மகளோடு வந்தார். வேலையில்லாத மாமாவும் பின்னாலேயே ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அந்த நவம்பர் கடைசியில் ஒரு நாள் மாமா எங்கள் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் ஊரில் ஒரு கன்னிப் புனிதையின் திருநாளாம். அன்று வெல்லப்பாகு காய்ச்சி இழுத்து மிட்டாய் செய்வார்களாம். பாசாரிலிருந்து கூலா மலாக்கா என்கிற தென்னை வெல்லக் கட்டிகளை வாங்கி வந்து வெண்ணெய் போட்டுக் காய்ச்சினார். வரிசை வீடு முழுக்க வாசனை. பாகை அங்கே பனியில் ஊற்றி ஆற வைப்பார்களாம். பிரிக்பீல்ட்ஸில் பனிக்கு எங்கே போவது? அப்பா சாக்கில் சுற்றி ஒரு ஐஸ் கட்டி கொண்டுவந்தார். கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு ஒரு முனையை நானும் மறுமுனையை அத்தை மகளும் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்கக் கறுப்பு மாறித் தங்க நிறமானது. இந்த ஊர்ச் சூட்டில் அது இறுகினால்தானே? தரை, பாவாடை, கோழி எல்லாவற்றிலும் ஒட்டியது. அத்தை மகளின் முடியில் ஒட்டியதைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று.

"இது கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குத் திருநாளுங்க" என்றார் மாமா, வாயெல்லாம் பாகு. "உங்க அத்தைக்கு என்னால திருநாள் போச்சு."

"போனது திருநாளா, என் நிம்மதியா?" என்றார் அத்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. அம்மாகூட அன்றைக்குச் சிரித்தார்.

அந்தத் தகரப் பெட்டியில் ஓர் அரைக்கச்சை இருந்தது. சிவப்புக் கம்பளி, நீளவாட்டில் அம்பு அம்பாக மஞ்சளும் நீலமும் பின்னியது. பனியில் கோட்டு பறக்காமல் இடுப்பில் சுற்றிக்கட்டுவதற்காம். அவர் தாத்தாவுடையது. எங்கள் இடுப்பில் மூன்று சுற்று சுற்றியும் நுனி தரையில் இழுபடும். கற்பூர வாசனையும் வேறு ஏதோ புகை வாசனையும் வரும். ஜப்பான்காரன் காலத்தில் அது எப்படித் தொலைந்தது என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

டிசம்பர் பிறந்து கொஞ்ச நாளில் சாமியார் சைக்கிளில் வந்தார். வீட்டுக்குள் வராமல் மாமாவைத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துப்போய் அவர்கள் பாஷையில் பேசினார். அம்மா அடுப்படி ஜன்னலில் நின்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா தொப்பியைக் கழற்றினார். சாமியார் அவர் தோளில் கை வைத்தார். பிறகு ஜாடையாக வீட்டைக் காட்டி ஏதோ சொல்ல, மாமா தலையாட்டினார். சாமியார் போன பிறகு மாமா வெகுநேரம் தண்டவாளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றோடு அவர் சிரிப்பு நின்றது. பூனைக்கு மரியாதை நின்றது. அத்தை முன்னால் மட்டும் வலிய ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொள்வார், அது பார்க்கவே சகிக்காது. இரண்டு நாள் காலையில் கிளம்பிப் போய் மாலையில்தான் வந்தார். எங்கே என்று சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் தகரப் பெட்டியை வெளியே இழுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் உதறிக் கொடியில் போட்டு, பெட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

தைக்கிற அக்கா வேலி ஓரமாக வந்து பார்த்தார். "அவ்வளவுதான்க்கா. எங்க வீட்டுலயும் இப்படித்தான் பெட்டி காஞ்சுது" என்றார் அம்மாவிடம். குரலில் கேலி இல்லை. அதுதான் அம்மாவை உலுக்கியது.

அன்று சாயங்காலம் அப்பா வேறு வந்து விறகு போட்டார். "லம்பத்துக் கம்பெனி வெள்ளைக்காரங்க எல்லாருக்கும் ஊருக்குப் போக டிக்கெட் குடுக்குறானாம். புது வருஷம் பொறந்ததும் கப்பல். மச்சான் பேருக்கும் வந்துருக்குன்னு ஸ்டேஷன்ல பேசிக்கிறாங்க."

"போய் நேரா கேளுங்க" என்றார் அம்மா.

"என்னன்னு கேக்கறது? வீட்டு மாப்பிள்ளைகிட்ட எப்ப கிளம்பறீங்கன்னா? வெளிய போன்னு சொல்ற மாதிரி ஆயிடாது?"

நீங்களே சொல்லுங்கள், நம் வீடுகளில் யாராவது கேட்போமா? விருந்தாளியிடமே கேட்கமாட்டோம்; மாப்பிள்ளையிடம் நாக்கு எழுமா? அத்தையிடமும் சொல்லக்கூடாது. நிறைமாசக்காரி காதில் கெட்ட சேதி விழலாமா? ஆக, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரே நொடியில் தீர்ந்திருக்க வேண்டியதை, மரியாதை என்று சொல்லி ஒரு மாதம் வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு திரிந்தோம். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியது அத்தை ஒருவர்தான்.

அம்மா தனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தார். சோறு. மாமாவுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தார். அவர்கள் ஊரில் கிறிஸ்மஸுக்குப் பன்றிக்கறியைக் கொத்தி மாவுக்குள் வைத்துச் சுடுவார்களாம்; அதை அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கிராம்பும் பட்டையும் போட்டு, போதாததற்குப் பச்சை மிளகாயும் போட்டு, ஹைனான் சீனர் ரொட்டிக் கடை அடுப்பில் சுட்டு வாங்கினார். மாமா ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

"மிளகாய் ஜாஸ்தியோ?" என்றார் அத்தை.

மிளகாய்க்கு அழுகிறவன் எழுந்து போகமாட்டான் என்று அம்மாவுக்குத் தெரியும்.

வருஷக் கடைசியில்தான் அம்மா அதைப் பார்த்தார். குழாயடிக்குப் பின்னால் மாமா தன் மகளை முட்டி போட வைத்து, பிரெஞ்சில் ஏதோ ஒரு வரியைச் சொல்லச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தார். அவள் தப்பாகச் சொல்ல, திருத்தினார். சரியாகச் சொன்னதும் அவள் தலைக்கு மேல் கையைத் தூக்கினார். வைக்காமலேயே இறக்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அதுவரை அம்மா அழுது பார்த்ததில்லை.

"எங்கப்பா நாகப்பட்டணத்துல என் தலையில கை வச்சாருடி" என்றார். "படகுல ஏறுறதுக்கு முந்தி. அதுக்கப்புறம் அவரு மொகத்தையே நான் பாக்கலை."

இதுதான் விஷயம். நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித் துறைமுகத்தில் தலை குனிந்து நின்றவர்கள். தலையில் கை விழுந்தால் கப்பல் கயிறு அவிழ்த்தாயிற்று என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கண்டது அது ஒன்றுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த அம்மா ஒரு காரியம் செய்தார். மாமாவுக்கு முறம் மாதிரி பாதம். அந்த அளவுக்குக் கோலாலம்பூர் முழுக்கத் தேடினாலும் பூட்ஸ் கிடைக்காது, சொல்லித்தான் செய்யவேண்டும். இருந்தது ஒரே ஜோடி. அதை எடுத்துக் கோழிக்கூட்டுக்குள் தள்ளிச் சாக்கால் மூடினார். "வெறுங்காலோட கப்பல் ஏறட்டும் பாப்போம்" என்றார்.

புத்தாண்டு விடிந்தது. எல்லோரும் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மாமா கட்டிலடியில், கதவுக்குப் பின்னால், எங்கள் படுக்கைக்கடியில் எல்லாம் குனிந்து குனிந்து பூட்ஸைத் தேடினார். கிடைக்கவில்லை. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று மகளைக் கூப்பிட்டார். அவள் வெள்ளைக் கவுனோடு வந்து அவர் முன்னால் முட்டி போட்டாள். பழகிய வரியைத் தப்பில்லாமல் சொன்னாள். மாமா கையைத் தூக்கினார்.

"வேண்டாம்ண்ணே!" என்று அம்மா பாய்ந்து வந்து அவளை வாரி எடுத்துக்கொண்டார். "கை வைக்காதீங்க! போறதுன்னா போங்க, உங்க ஊரு, உங்க ஜனம், யாரு தடுக்கப் போறா? புள்ள தலையில கைய வச்சிட்டுப் போகாதீங்க. அது ஆயுசுக்கும் அந்தக் கையத் தேடும்!"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாரு போறது? எங்க போறது?"

மாமா என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்க போறேன் தங்கச்சி?"

"கப்பல்ல! டிக்கெட் வந்துருச்சு, பெட்டிய காயப் போட்டாச்சு, சாமியாரும் வந்து பேசிட்டுப் போயாச்சு. எங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "சாமியார் டிக்கெட் பேசலைங்க. எங்கப்பா செத்துட்டாங்கன்னு சொல்ல வந்தாங்க. என் அக்கா அமெரிக்காவுல இருந்து சாமியாருக்குக் கடிதாசி போட்டிருக்காங்க. சம்சாரத்துக்கிட்ட இப்ப சொல்லாதே, வயித்துல புள்ள இருக்கு, இங்க உள்ள வழக்கம் அதுன்னு சாமியார் சொன்னாங்க. அதான் நான் பேசலை."

நம் வழக்கத்தை நம்மைவிட ஒழுங்காக அவர்தான் காப்பாற்றியிருக்கிறார்.

"எங்க வீட்டுல புது வருஷம் காலையில மூத்த புள்ள கேக்கணும், அப்பா ஆசீர்வாதம் குடுக்கணும்" என்றார். "எல்லாரும் முட்டி போடணும். தாத்தா, அவங்க அப்பா, எல்லாம் அப்படித்தான். கிராமத்துல இருந்தப்பவும் அப்படி, ஆலையில வேலை பார்த்தப்பவும் அப்படி. நான் தூரமா வந்துட்டாலும் அப்பா எனக்கும் சேர்த்துக் குடுப்பாங்க. அவங்க இருக்குற வரைக்கும் நான் கையத் தூக்கக் கூடாது. இப்ப அவங்க இல்லை. ஆம்பளப் புள்ளைங்கள்ல நான் மூத்தவன். இனிமே நான்தான் குடுக்கணும். எங்க என் வீடு இருக்கோ, அங்க."

"அப்போ கப்பல் டிக்கெட்டு?" என்றார் அப்பா. ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"குடுத்தாங்க மச்சான். ஒரு ஆளுக்கு. என் வீட்டுல ஒரு ஆளா இருக்கு?" என்று அத்தையின் வயிற்றைக் காட்டினார். "திருப்பிக் குடுத்துட்டேன். கிள்ளான்ல ஐஸ் பாக்டரில இஞ்சின் பாக்கற வேலை கேட்டு ரெண்டு நாள் அலைஞ்சேன், கிடைச்சிடுச்சு. புள்ள பொறந்ததும் அங்கதான் வீடு. அதுக்குத்தான் பெட்டி."

அம்மா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினார். அத்தைக்குத்தான் கோபம் வந்தது, எப்படிப்பட்ட கோபம்! "எம் மாமனார் செத்தது எனக்குத் தெரியாது, எம் புருஷன் ஓடப் போறாருன்னு ஊரே பேசினது தெரியாது. வயித்துல புள்ள இருந்தா காதையுமா அடைச்சு வைப்பீங்க?" என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கடைசியில் மாமாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மாமா அப்போதுதான் தன் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதார். வீடு முழுக்க அழுதோம். எனக்கு என்னவோ அன்று நெஞ்சுக்குள் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. போகவில்லை. மாமா போகவில்லை. அதை நானும் அத்தை மகளும் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம்.

அப்பா கோழிக்கூட்டில் கையை விட்டுப் பூட்ஸை எடுத்து, உள்ளே கிடந்ததைத் தட்டிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே மாமாவிடம் நீட்டினார். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோழிங்க உள்ள தங்கிட்டாங்கலா" என்றார்.

பிறகு அவர் மறுபடி எழுந்து நின்றார். அத்தை மகள் மறுபடி முட்டி போட்டு முதலிலிருந்து கேட்டாள். நானும் அவள் பக்கத்தில் போட்டேன். அத்தையால் குனிய முடியாது, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுவரோரமாக முட்டி போட்டார். மாமா ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, அவர் அப்பா சொன்ன வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்மா கடைசியாக வந்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். மாமா கை வைத்தார். அம்மா கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தபோது, மாமா அங்கேயே நின்றிருந்தார். பூசைக்கு நேரமாகிறது, காப்பி கிடைக்குமா தங்கச்சி என்று கேட்டார்.